ஜுசெப்பே தென்காசி, இரண்டாம் டெனர்

1

என் மகள் தெரேசா போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் தன் தாத்தாவுக்குப் பல கோச்சு வண்டிகளும் வெள்ளைக் குதிரைகளும் உண்டு என்றும், அருவியில் குளிக்க வரும் ராஜாக்கள் அவற்றில்தான் போவார்கள் என்றும் எழுதியிருந்தாள். உபாத்தியாயினிக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வண்டி ஒன்றுதான். குதிரையும் ஒன்றுதான். அது வெள்ளை இல்லை, செம்பட்டை. இப்போது அதுவும் இல்லை" என்றேன். உபாத்தியாயினி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் தெரேசா எனக்கு முன்னால் நடந்தாள். பாலம் தாண்டியதும், "நான் பொய் எழுதவில்லை, அப்பா. கொஞ்சம் பெரிதாக்கினேன். மேடையில் நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்?" என்றாள். அவள் பேசியது இத்தாலியனில். தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'வா', 'போ', 'சோறு', அப்புறம் என் பெயர். அந்தப் பெயரையும் சரியாகச் சொல்ல வராது.

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படிப் பெரிதாக்கியதில் அவள் முதல் ஆள் இல்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

2

நான் தென்காசிக்காரன். பெயர் சூசை. இத்தாலிக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி பொலோஞ்ஞா என்ற ஊரில் கழிந்தது. தொழில், ஓபராவில் பாடுவது.

நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டு, முதலிலிருந்து முடிவு வரை பாட்டாகவே வைத்தால் அதுதான் ஓபரா. ஆர்மோனியப் பெட்டிக்குப் பதிலாக மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் ஒரு பட்டாளமே வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை வாத்தியத்தையும் தாண்டிக் கடைசி வரிசைக்காரன் காதில் நம் குரல் விழ வேண்டும். ஆண் குரலில் உயர்ந்ததை டெனர் என்பார்கள். காதலன், இளவரசன், நாட்டுக்காகச் சாகிறவன் எல்லாம் டெனர்தான். நம் கணக்கில் ராஜபார்ட்.

நான் இரண்டாம் டெனர். ராஜா வருகிறார் என்று பாடிவிட்டு ஒதுங்கி நிற்கிறவன். தூதன், வேலைக்காரன், பூசாரி, காவல்காரன். ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டியதால் சின்ன ஊர்களில் இரண்டு தடவை அவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு பாடியிருக்கிறேன். இரண்டு தடவையும் ஜனங்கள் கை தட்டினார்கள். அடுத்த நாள் அவருக்குத் தொண்டை சரியாகிவிட்டது.

யுத்தத்துக்குப் பிறகு தியேட்டரில் பாதி வருஷம்தான் வேலை. மீதி நாளில் கோயில்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாடுகிறேன். இங்கே அடக்கப் பூசையைக் காலையில்தான் வைக்கிறார்கள். காலையில் குரல் மேலே ஏறாது. அதனால் விடிந்ததும் எழுந்து, வெந்நீர் குடித்து, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுகிற வரை சுருதி ஏற்றிப் பாடிப் பார்ப்பேன். அவள் தட்டினால் குரல் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

3

எங்கள் அய்யா அந்தோணிமுத்து தென்காசி ரயிலடியில் குதிரை வண்டி வைத்திருந்தார். சாரல் காலத்தில் ரயிலை விட்டு இறங்குகிற கூட்டத்தைக் குற்றாலத்துக்கு ஏற்றிப்போவார். குளிக்கப் போனவர்கள் நேரத்துக்குத் திரும்ப மாட்டார்கள். அருவிச் சத்தத்தில் வண்டிக்காரன் கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்காது. நான் கூப்பிட்டால் கேட்கும். அதனால் விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். என் குரலால் அவருக்குக் கிடைத்த உபயோகம் அது ஒன்றுதான்.

எனக்கு நினைவு தெரியாத வயசில் அம்மை கண்டு, பிழைக்க மாட்டான் என்று வைத்தியர் எழுந்து போய்விட்டாராம். பிள்ளை பிழைத்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறோம் என்று அய்யாவும் அம்மாவும் நேர்ந்துகொண்டார்கள். பிழைத்தேன். அம்மா பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அய்யா நேர்ச்சையை மறக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் ஒப்படைத்தார். குருமடத்தில் படித்தேன். லத்தீன் எனக்குச் சீக்கிரம் வந்தது. மேல்படிப்புக்கு என்னை ரோமாபுரிக்கு அனுப்புவதாக முடிவு செய்தார்கள்.

நான் புறப்பட்ட நாளில் அய்யா வண்டிக்கு வாழைக்குருத்து கட்டி, குதிரை நெற்றியில் பூச்சரம் சுற்றி, கோயிலிலிருந்து ரயிலடி வரை என்னை ஊர்வலமாகக் கூட்டிப்போனார். வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, கடைவீதி ராவுத்தர்களும் இலஞ்சிப் பிள்ளைமார்களும் நின்று பார்த்தார்கள். "அந்தோணி மவன் சாமியாராகப் போறான்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. வண்டிக்காரர் வீட்டுக்கு அதற்கு முன் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அக்கா ரோசம்மாள் அழுதாள். அய்யா அழவில்லை. ரயில் நகரும்போது, "பூசையில பாடும்போது சத்தமாப் பாடு. அங்கன கோயிலெல்லாம் பெரிசாம்" என்றார்.

4

ரோமாபுரியில் மூன்றாவது வருஷம் குருமடத்தை விட்டு வெளியே வந்தேன்.

பாட்டில் மயங்கி வந்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது பாதிதான் சரி. குருவாக இருக்க எனக்கு மனம் இல்லை என்பதுதான் முதலில் தெரிந்தது. ஜெபிக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் அசையவில்லை. அப்படி ஒருவன் பீடத்தில் நிற்பது சரியாக இருக்காது என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஊருக்குத் திரும்ப டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொன்னார். வாழைக்குருத்து கட்டிய அந்த வண்டியை நினைத்தேன். வேண்டாம் என்றேன்.

பாட்டு அதற்குப் பிறகு வந்தது. ஒரு நிலக்கரிக் கடையில் மூட்டை தூக்கினேன். மூட்டை கொண்டுபோன ஒரு வீட்டில், நாடகத்தை விட்டு விலகிய ஓர் அம்மாள் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தாள். மாடிப்படியில் நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. "அந்தக் கரிக்காரனை உள்ளே கூப்பிடு" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான்.

மொழி என்னை நிறைய இழுத்தடித்தது. தமிழில் ஒரே 'ப'தான். இத்தாலியனில் இரண்டு. அழுத்திச் சொன்னால் ஒன்று, மெலிந்து சொன்னால் இன்னொன்று. குடிக்க ஏதாவது கொடுங்கள் என்று நான் கேட்டால் பேரிக்காய் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு எழுத்துதான். ஒரு வருஷம் நிறையப் பேரிக்காய் தின்றேன்.

பெயரும் அப்படித்தான். சூசை என்றால் இங்கே ஜுசெப்பே. அது சுலபம். நகரசபைக் குமாஸ்தா குடும்பப் பெயர் கேட்டான். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத்தான் போடுவோம் என்றேன். ஒரே எழுத்தில் குடும்பப் பெயர் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்றான். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "பிறந்த ஊர் என்ன?" என்றான். சொன்னேன். அதையே எழுதி முத்திரை குத்திவிட்டான். நாடக நோட்டீஸில் எல்லாம் நான் ஜுசெப்பே தென்காசி. என் மகள் தெரேசா தென்காசி. அந்த ஊரை அவள் பார்த்ததில்லை.

என் மனைவி இனெஸ் தியேட்டரில் உடுப்புத் தைப்பவள். இந்தியாவில் நடப்பதாக ஒரு நாடகம் வந்தது. எனக்குப் பூசாரி வேஷம். கோமாளிக்குப் போடுவது போல் ஒரு கால்சட்டையும் தலையில் இறகும் கொடுத்தார்கள். "உங்கள் ஊரில் இப்படித்தான் கட்டுவார்களா?" என்று அவள் ஒருத்திதான் கேட்டாள். இல்லை என்று சொல்லி, ஜன்னல் திரையை அவிழ்த்து வேட்டி கட்டிக் காட்டினேன். டைரக்டர் இறகுதான் வேண்டும் என்றுவிட்டார். அவள் மட்டும் இன்னொரு தடவை கட்டிக் காட்டச் சொன்னாள்.

குருமடத்தை விட்டதையும், மேடையில் பாடுவதையும், கல்யாணத்தையும் ஒவ்வொன்றாக ஊருக்கு எழுதினேன். அக்கா பதில் போட்டாள். அய்யாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

5

முப்பதுகளின் நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போனேன். தெரேசா அப்போது கைக்குழந்தை. தனியாகத்தான் போனேன். ஆடிச் சாரல். தென்காசி ரயிலடியில் இறங்கியபோது வண்டிகள் வரிசையாக நின்றன. முறைப்படி முதல் வண்டிதான் சவாரி எடுக்கும். முதலில் நின்றது அய்யாவின் வண்டி.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தலைமுடி கொட்டியிருந்தது, மீசை நரைத்திருந்தது. சாட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற சவாரிகளைக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எங்க போணும்?"

"வீட்டுக்கு, அய்யா."

"வண்டி ஊருக்குள்ள போகாது. குத்தாலத்துக்குன்னா ஏறும்."

'ஏறும்' என்று அன்னியனுக்குக் கொடுக்கிற மரியாதையோடு சொன்னார். சின்ன வயசில் 'ஏறுலே' என்று தூக்கிப் போட்டவர். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும். ஏறினேன்.

குற்றாலம் வரை அவர் பேசியது குதிரையிடம்தான். சத்திரத்து வாசலில் இறக்கிவிட்டார். கூலியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் அக்கா தூக்குவாளியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏலே சூசை, அய்யாவத் தப்பா நெனைக்காத. சாமிக்குன்னு கொடுத்த புள்ள கூத்தாடியாப் போனா அவுக எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போவாக? உன் பேர வீட்டுல எடுக்கக்கூடாதுன்னுட்டாவ."

"ஊருல கேட்டா என்ன சொல்லுதாரு?"

"அது எனக்குத் தெரியாது. வண்டியில என்ன பேசுதாவன்னு நான் கண்டனா?"

அந்த வாரம் சாரலுக்கு வந்து தங்கியிருந்த சில வெள்ளைக்காரர்கள், இத்தாலியில் பாடுகிறவன் ஒருவன் சத்திரத்தில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஒரு பங்களாவில் பாடக் கூப்பிட்டார்கள். பகல் தேநீர் விருந்து. அங்கே இருந்த பியானோவில் ஈரம் ஏறி, பாதிக் கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்கவில்லை. ஒரு துரைசானி மீதிக் கட்டைகளை வைத்து வாசித்தாள். அதுவரை எந்த மேடையிலும் எனக்குக் கொடுக்காத ராஜபார்ட் பாட்டுகளாகவே பார்த்துப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன் என்று நினைக்கிறேன்.

விருந்தாளிகளைக் கொண்டுவந்த வண்டிகள் வெளியே மரத்தடியில் நின்றிருந்தன. பாடி முடித்து அங்கே போனேன். நான் வரும்போது அங்கே கண்ட அய்யாவின் வண்டி இப்போது இல்லை.

"அந்தோணி அண்ணாச்சி இப்பத்தான் வண்டிய ஓட்டிட்டுப் போனாரு" என்றார் ஒரு வண்டிக்காரர். பிறகு தயங்கி, "உள்ள யாருக்கும் ஒடம்புக்கு முடியலையோ? கத்துன சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுது" என்றார்.

அது நான்தான் என்றேன். அவர் குதிரைக்குப் புல் எடுத்துப் போட்டார்.

ஊருக்குள் போகாமலே திரும்பினேன். ரயிலடிக்கு வேறு வண்டி பிடித்தேன்.

6

யுத்தம் வந்தபோது நான் பிரிட்டிஷ் பிரஜை, அதாவது சத்ரு. பாட்டுக்காரன், இத்தாலிக்காரியின் புருஷன் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டில்லை. ஒரு மலைக்கிராமத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தினமும் காலையில் போலீஸ் சாவடிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பாடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் பாடத் தோன்றவில்லை. இனெஸ் ஒரு தடவை குழந்தையைக் கூட்டிவந்தாள். தெரேசா அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னை இத்தாலியனில் "சிஞ்ஞோரே" என்று அன்னியரைக் கூப்பிடுவது போல் மரியாதையாகக் கூப்பிட்டாள்.

ஒரு குளிர்காலத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னை லாரியில் ஏற்றினார். ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களின் முகாம் ஒன்று தொலைவில் இருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் ஒருவனுக்கு நிமோனியா. இந்துஸ்தானியில் மொழிபெயர்க்கிற துபாஷி பேசிப் பார்த்தும் அவன் சொல்வது புரியவில்லை. தமிழாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு இருக்கும். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தமிழில் நான் யாரிடமும் பேசி வருஷக் கணக்காகியிருந்தது.

"எந்த ஊரு தம்பி?" என்றேன். அந்த வாக்கியமே எனக்கு இரண்டு முயற்சியில்தான் வந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். "கீழப்பாவூரு. பேரு ஞானமுத்து." கொஞ்சம் மூச்சு வாங்கி, "நீங்க?"

"தென்காசி."

"தென்காசில யாரு?"

"வண்டிக்கார அந்தோணிமுத்து மவன்."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். என் கையைப் பிடித்து வாயருகே கொண்டுபோனான். "சாமி" என்றான். "சாமி, நான் பட்டாளத்துல சேரப் போகையில உங்க அய்யா வண்டியிலதான் ரயிலுக்குப் போனேன். சொன்னாரே. ரோமாபுரியில பெரிய கோயில்ல என் மவன் சாமியாரா இருக்கான், பாட்டுப் பூசை வைக்கான், அவன் பாடுனா அங்கன எல்லாரும் எழுந்து நிப்பாகன்னாரே. வண்டில ஏறுத எல்லாருக்கும் சொல்லுதாரே. சாமி, எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேளுங்க. நான் பொழைக்க மாட்டேன்."

படுக்கையின் அந்தப் பக்கம் டாக்டரும் ஒரு கன்னியாஸ்திரியும் நின்றிருந்தார்கள். என்ன சொல்கிறான் என்று கன்னியாஸ்திரி கேட்டாள்.

பாவசங்கீர்த்தனம் என்றால் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது, குரு அல்லாதவன் அதைக் கேட்கக் கூடாது. முடிவில் குரு சொல்லும் பாவமன்னிப்பு வாசகம் எனக்கு மனப்பாடம். குருமடத்தில் கற்றது ஒன்றும் மறந்திருக்கவில்லை. முகாம் சாமியாருக்குத் தமிழ் தெரியாது. நான் கேட்டு, வாசகத்தைச் சொல்லி, சிலுவை போட்டால் அந்தப் பையன் நிம்மதியாகக் கண்ணை மூடுவான். யாருக்கும் தெரியப் போவதில்லை. மறுத்தால், சாகக் கிடக்கிற ஊர்க்காரனிடம் என் தகப்பன் பொய்யர் என்று என் வாயால் சொல்ல வேண்டும். மேடையில் ஏதேதோ வேஷம் போட்டிருக்கிறேன், பூசாரி வேஷம்கூடத்தான். இதைப் போட முடியவில்லை.

"தம்பி, நான் சாமியார் இல்ல" என்றேன்.

"உங்க அய்யா சொன்னாரே."

"அவரு சொன்னது நெசமில்ல. நான் பாதியில வந்துட்டேன். நாடகத்துல பாடுதவன்."

அவன் என்னையே பார்த்தான். என் கையை விட்டுவிட்டான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சத்தம் இல்லாமல் அழுதான்.

துபாஷி வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யத் திருச்சபையில் அனுமதி உண்டு. துபாஷியும் அந்த ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவன். அதைக் கன்னியாஸ்திரியிடம் சொன்னேன். அவள் ஓடிப்போய் முகாம் சாமியாரைக் கூட்டிவந்தாள். ஞானமுத்து யோசித்தான். சரி என்றான். அவன் சொன்னதைச் சாமியாருக்கும், சாமியார் சொன்னதை அவனுக்கும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அது என்ன என்பதை எழுத மாட்டேன். பாவத்தில் சேராத ஒரு சொல்லை மட்டும் சொல்லலாம். 'வெப்ராளமா இருக்கு' என்றான். அதற்கு இத்தாலியனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. நெஞ்சில் தாங்க முடியாமல் இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

அவன் சாகவில்லை. ஒரு வாரம் என்னை அங்கேயே வைத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தான். கடைசி நாள், "என்னதான் பாடுதீக? கொஞ்சம் பாடுங்களேன்" என்றான். ஆஸ்பத்திரி என்பதால் மெதுவாகப் பாடினேன். கேட்டுவிட்டு, "ஒண்ணும் வெளங்கல. நல்லாத்தான் இருக்கு" என்றான். அவனை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். பிறகு பார்க்கவில்லை.

கிராமத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் அய்யாவை யோசித்தேன். என் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றவர், வழிப்போக்கர் ஒவ்வொருவரிடமும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். சாமியார் என்பது பொய். நான் பாடினால் எழுந்து நிற்பார்கள் என்பதும் பொய்தான். ஆனால் பாட்டை அவர் விடவில்லை.

7

சுதந்திரம் வந்த பிறகு என் பழைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை யாரும் மதிக்கவில்லை. புதிது வாங்க ரோமாபுரியில் நம் தேசத்து ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி ஹிந்தியில் பேசினார், நான் விழித்தேன். இங்கிலீஷில் பேசினார், நான் பாதி இத்தாலியனில் பதில் சொன்னேன். "இந்தியர் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். என் பெயரில் ஊர் இருக்கிறதே என்றேன். அவர் சிரித்தார், ஆனால் காகிதம் கொடுக்கப் பல மாதம் ஆயிற்று.

ஊருக்கு வரும்படி தெரேசாவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள். தனியாகத்தான் போனேன்.

அய்யா அக்கா வீட்டில் இருந்தார். குதிரை செத்து, வண்டியை விற்றாகிவிட்டது. குற்றாலத்துக்கு இப்போது பஸ் போகிறது. என்னை அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"ஏய்யா, யாரு வந்திருக்கான்னு பாரும்."

"தெரியுது. உள்ள வரச் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரொம்பவும் சின்ன உடம்பாகியிருந்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார். அக்கா காப்பி போடப் போனாள். அவரே ஆரம்பித்தார்.

"கீழப்பாவூர்ப் பய ஒருத்தன் பட்டாளத்துலேந்து வந்து என்னயத் தேடிப் பிடிச்சான்."

"ஞானமுத்தா?"

"பேரு மறந்துபோச்சு. பாவசங்கீர்த்தனம் கேக்கச் சொன்னானாம். நீ மாட்டேன்னுட்டியாம்."

"ஆமா."

"சாவக் கெடந்தவன் கேட்டும் மாட்டேன்னுட்ட."

"நான் சாமியார் இல்லையே, அய்யா."

அவர் என்னைப் பார்க்காமல் வேட்டி முனையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தா பெரிய பாவம்" என்றார். "நல்லவேளை." அவ்வளவுதான். பிறகு அக்காவைக் கூப்பிட்டு எனக்கு இலை போடச் சொன்னார்.

மறுநாள் காலையில் குற்றாலத்துக்குப் போவோம் என்று அவரே சொன்னார். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம், நான் நடுவில், என் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர். முன்பு அய்யாவின் வண்டியில் அடிக்கடி போனவராம். அய்யாவை அடையாளம் கண்டு என்னைத் தாண்டிக் குனிந்து விசாரித்தார்.

"அண்ணாச்சி, சொகமா இருக்கீரா? இது யாரு, ஒறவா?"

"மவன்" என்றார் அய்யா.

"ரோமாபுரில சாமியாரா இருக்காருன்னு சொல்லுவீரே, அவரா? அங்கிய காணுமே."

அய்யா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது.

"சாமியார் இல்ல" என்றார். "நான் சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். இவன் பாட்டுக்காரன். இத்தாலில நாடகத்துல பாடுதான்."

அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அப்படியா? அது என்ன மாதிரிப் பாட்டு?" என்று கேட்டார்.

நான் அவர் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தேன். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு, கீழே பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகுப் பக்கமிருந்து அய்யா என் தோளைத் தட்டினார்.

"என்னலே அவருகிட்ட மட்டும் சொல்லுத? இங்கிட்டுத் திரும்பிச் சத்தமாச் சொல்லு. எனக்குக் கேக்கல."